நேபாளத்து உப்பும் பெரியப்பாவின் காது மெஷினும்

மெட்டுகுடா,
புதன்கிழமை

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

ஸ்ரேயாவின் நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான், மொட்டை மாடியில் காயும் வடாம் உட்பட எல்லோரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைப் பெரியம்மா தினமும் போனில் அறிவித்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

இங்கிருந்து தார்நாகாவில் உங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். இதற்குப் போய்க் கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் "குட், குட்" என்கிறீர்கள். போனில் சொன்னால் "இரு, பெரியம்மாட்ட குடுக்கறேன்" என்கிறீர்கள். காகிதத்திடம் இரண்டையும் சொல்ல முடியாது. "நீதான் காது ஆபீஸ்ல வேலை பாக்கறயே, நீ எழுதினா படிப்பார்டி" என்று பெரியம்மாவும் உத்தரவு போட்டிருக்கிறார்.

விஷயம் உங்கள் காது மெஷின். எங்கள் ஆபீஸ் வெங்கட் அளவெடுத்து, காதுக்குள் மாட்டினால் வெளியே தெரியாதபடி செய்து கொடுத்து மூன்று மாதமாகிறது. அது உங்கள் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் நிம்மதியாகத் தூங்குகிறது. பெரியம்மா கத்துவதும் நீங்கள் தலையாட்டுவதும் உங்கள் குடும்ப விவகாரம். ஆனால் உங்கள் பேத்தி ஹம்ஸினி "யானைக் கதை சொல்லு தாத்தா" என்றால், "ஃபிரிட்ஜ்ல இருக்கு பாரு" என்கிறீர்கள். குழந்தை சிரித்துவிட்டு ஓடுகிறது. இன்னும் எத்தனை நாள் சிரிக்கும்? ஒருநாள் கேட்பதையே விட்டுவிடும். எனக்கு அதுதான் பயம்.

இதை நேபாளம் போய்விட்டு வந்த தைரியத்தில் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் அறக்கட்டளை சார்பில் டாக்டர் ஸ்டெல்லா, மெஷின் பொருத்த வெங்கட், படிவம் நிரப்ப நான் என்று மூன்று பேர், அங்கே ஒரு மலையூரில் காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வரவேற்பில் நூறு குழந்தைகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல் என்று தெரியாமல் வெங்கட் பதிலுக்கு டாட்டா காட்ட, இப்போதுதானே வந்தார், அதற்குள் கிளம்புகிறாரே என்று வாத்தியார் பதறிவிட்டார். பிறகு வெங்கட் ஒன்பது வயசுப் பெண் ஒருத்திக்கு மெஷினை மாட்டி, ஒரு அடி தூரத்தில் நின்று, "ஹலோ! கேக்குதாம்மா?" என்று இங்கே நம் ஊர் ஜீடிமெட்லா வரை கேட்கும்படி கத்தினார். அவள் முகத்தைச் சுளித்து மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். "கேட்கவில்லையா?" என்று ஸ்டெல்லா கவலையோடு விசாரிக்க, அவள் கையால் சொன்னதை வாத்தியார் இந்தியில் சொன்னார்: "கேட்கிறதாம். அதனால்தான் கழற்றினாளாம்." ஆனால் மத்தியானம் தோழி ஒருத்தி சிரிக்க ஆரம்பித்ததும் ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்து, அந்தச் சிரிப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெரியப்பா.

அதற்குள் என் மானம் போனது தனிக்கதை. முதல் நாள் சாப்பாட்டில், காது கேட்காத இடம்தானே, அதிலும் நாம் பேசுவது தமிழ்தானே என்று வெங்கட்டிடம் தாராளமாகச் சொன்னேன்: "பருப்புல உப்பே இல்லீங்க. இத எப்படித்தான் தினமும் திங்கறாங்களோ!" மறுநாள் சமையல்கார அம்மாள் ஒரு பெரிய கிண்ணம் நிறைய உப்பைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தார். என் முகம் பருப்பிடம் என்ன சொன்னது என்பதை அந்த ஒன்பது வயசுக்காரி பள்ளிக்கூடம் முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே கையால் ஒரு பெயர் வைப்பார்கள். வெங்கட்டுக்குத் திறந்த வாய். எனக்கு, இரண்டு விரலால் உதட்டை மூடிக்கொண்டு கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவள் என்று அர்த்தமாம்.

நீங்கள் மெஷின் போடாததில் எனக்கு ஒரு லாபம் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டில் இங்கே ஒன்றைச் சொன்னால் பால் பொங்குவதற்குள் அது தார்நாகா போய்விடும். அதனால் வாய்விட்டுச் சொல்ல ஏதாவது இருந்தால் உங்கள் பால்கனியில் வந்து உட்கார்ந்து உங்களிடம் சொல்லிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும், பெரியம்மா சுலோக வகுப்புக்குப் போயிருந்தபோது, அரைமணி நேரம் சொன்னேன். ஹம்ஸினி உங்கள் காலடியில் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீங்கள் என் கையைத் தட்டி "குட், குட்" என்றீர்கள். மனசு லேசாகிவிட்டது. ஹம்ஸினிக்காக அந்த வசதியை விட்டுக்கொடுக்கத் தயார். நாள் பூராவும் போட வேண்டாம், பெரியப்பா. அந்தப் பெண் மாதிரி, வேண்டியவர் சிரிக்கும்போது மட்டும் போட்டால் போதும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். உத்தரவை நிறைவேற்றிவிட்டேன் என்று சொல்லவும். உங்கள் ஆசி வேண்டும். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்புடன்,
ஸ்ரேயா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சந்தீப் அண்ணா தன் மகள் ஹம்ஸினியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். என் காதருகே வந்து, தெலுங்கில், "அத்தா, தாத்தாகி அன்னீ வினிபிஸ்தாயி. நானம்மகி செப்பொத்து!" என்றாள். தாத்தாவுக்கு எல்லாம் கேட்குமாம், பாட்டியிடம் சொல்லக்கூடாதாம். பாட்டி சுலோக வகுப்புக்குக் கிளம்பியதும் மெஷின் கூட்டிலிருந்து வெளியே வருமாம், செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுமாம். அந்த ஃபிரிட்ஜ் யானை? "அதி மா ஆட்டா!" உங்கள் இருவரின் விளையாட்டாம்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். பெரியம்மாவிடம் நான் மூச்சுவிட மாட்டேன். ஆனால் பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமையும் பெரியம்மா வகுப்பில்தானே இருந்தார். கிரி என்று ஒருவர் இருப்பதும், அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்பதும், அப்பாவிடம் சொல்ல ஆறு மாதமாகத் தைரியம் வரவில்லை என்பதும் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. அப்படியானால் அந்த "குட், குட்" வழக்கமான "குட், குட்"டா, இல்லை பதிலா? பதில்தான் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து இங்கே வாருங்கள். நீங்கள் சொன்னால்தான் அப்பாவுக்குக் காதில் ஏறும்.