பெயிண்ட் காயாத போர்

ஏழு கடலையும் ஆண்டது பிரிட்டிஷ் பீரங்கி என்று எழுதுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். ஆண்டது பெயிண்ட். அதற்கு அத்தாட்சி, கேப்டன் லயனல் பெவிஸ்டாக் அவர்களின் மாசற்ற பணிக்காலம்.

முதல் உலகப் போரில் அவர் வெறும் லெப்டினன்ட். கப்பலில் பீரங்கிகளுக்குப் பொறுப்பாளன் ஹெட்லி ட்ரெகோவன், கார்ன்வால்காரன்.

"சார், பயிற்சிக் குண்டு வந்திருக்கு. சுட்டுப் பாத்துடலாமா?"

"புகை வருமேய்யா?"

"பீரங்கின்னா வரத்தான் சார் செய்யும்."

"பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? தூக்கிக் கடல்ல போடு. 'திருப்திகரமாகச் செலவானது'ன்னு எழுதிடு."

ஹெட்லியும் அப்படியே எழுதினான். மேலிடம் அகமகிழ்ந்தது. குண்டையும் சுட்டுத் தீர்த்து, கப்பலையும் பளபளவென்று வைத்திருப்பவரை எந்த மேலிடம்தான் விடும்? லெப்டினன்ட், கேப்டன் ஆனார்.

இரண்டாம் போர் வந்தது. இருவரையும் ஓய்விலிருந்து இழுத்து வந்தார்கள். ஒரு நிலக்கரிக் கப்பலுக்குக் காவலாகப் போக வேண்டும். அதில் பதினேழு பேர். கரி அள்ளிப்போடுகிறவன் ஜோரி, ஹெட்லியின் ஒரே மகன். மறுநாள் காலை அட்மிரல் பார்வையிட வருகிறார் என்பதால், பீரங்கி வாய்களின் மூடிகளையும் சேர்த்துப் புதுப் பெயிண்ட் 'மிகுந்த கவனத்துடன்' பூசப்பட்டிருந்தது.

நண்பகலில் ஜெர்மன் நீர்மூழ்கி தலையைத் தூக்கியது.

"சார்! சுட உத்தரவு குடுங்க! அந்தக் கப்பல்ல எம் மவன் இருக்கான்!"

"பதறாதய்யா. காலையில அடிச்ச பெயிண்ட், இன்னும் காயல."

ஹெட்லி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் மூடியை இழுத்தான். அது பாதி காய்ந்த பெயிண்டில் ஒட்டிப்போயிருந்தது. உளியால் நெம்பித் திறப்பதற்குள் நிலக்கரிக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. நீர்மூழ்கி நிதானமாக மறைந்துவிட்டது.

எண்ணெய் மிதந்த கடலிலிருந்து மூன்று பேரைத் தூக்கினார்கள். "கைப்பிடிச் சுவரத் தொடாம ஏறச் சொல்லுங்க!" என்று கேப்டன் கத்தினார். கடைசியாக ஏறிய ஜோரி தொட்டுவிட்டான்.

மறுநாள் அட்மிரல் வந்தார். மூக்கில் விரலை வைத்தார். "அற்புதம் பெவிஸ்டாக்! ரெண்டு போர், ஒரு கீறல் இல்ல!" கைப்பிடிச் சுவரருகே வந்ததும் நின்றார். ஐந்து விரல், கறுப்பாக.

"இது என்ன கறை?"

கேப்டன் வெளிறிப்போனார். "யாரோட வேலைய்யா இது?"

"எம் மவன் கை சார்," என்றான் ஹெட்லி. "மன்னிச்சுக்குங்க. மத்த பதினாலு பேரும் எதையும் தொடல."