நடு இடியாத கருந்துளைக்கு ஒரு வாழ்த்து

உலக விஞ்ஞானத்தைப் பிடித்த ஆட்சேபணை என்னும் கொடுநோயை அடியோடு ஒழித்த பெருமை திபிலிசி ஈர்ப்பியல் கழகத்தையே சேரும்.

இயக்குநர் வலேரியன் கண்ட மருந்து எளிது: ஆராய்ச்சிக் கூட்டத்தை விருந்து மேசைக்கு மாற்றினார். அந்த ஊர் விருந்துகளில் வாழ்த்துகளை நடத்தும் தலைவரான தமதாவும் அவரே. விருந்தில் வாழ்த்தலாம், குறை சொல்வது மகாபாவம்.

அன்று வாழ்த்துக்குரியது அவருடைய கருந்துளை. ஊரார் கருந்துளைகளில் நடுமையத்தில் அடர்த்தி எல்லையற்றுப் போய், சமன்பாடே கையை விரித்துவிடும். வலேரியனுடையதில் நடு, பஞ்சு மெத்தை. எதுவும் 'அழியாது'.

விருந்துக்கு முன்பே ஆய்வாளர் தரிக்கோ அவரைப் பிடித்துக் கேட்டாள்.

"நடுவைத் தாங்குற பொருள் எதுங்க ஐயா?"

"முதல்ல வடிவத்தை எழுதணும்மா. வேண்டிய பொருள் தானா வந்துரும்."

"வந்துச்சா?"

"சமன்பாட்டுல வந்துச்சே!"

"நடுவைச் சுத்தியிருக்கற உள் எல்லை நிக்கலையே. துளி ஒளி விழுந்தாலும் அங்க ஆற்றல் வீங்கிக்கிட்டே போகுது. அந்தக் கணக்கை அப்பவே குடுத்தேனே."

"பாத்துக்கறேன். கட்டுரையில உன் பேரும் இருக்கு. இன்னிக்கு வாயைத் திறந்தா, அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை இல்ல."

கட்டுரையை வாங்கிப்போக ஆய்விதழ் ஆசிரியரே வந்திருந்தார். முதல் கோப்பை சமாதானத்துக்கு. அடுத்தது செத்த நட்சத்திரங்களுக்கு. எல்லோரும் எழுந்து நின்று துக்கம் அனுசரித்தார்கள்.

பக்கத்து நாற்காலி சியாலா கிசுகிசுத்தாள்: "கொழுக்கட்டை ஆறுதுடி. வாயில போட்டுக்கிட்டு வேற எதுக்கும் அதைத் திறக்காதே."

அப்போது வலேரியன் கொம்புக் கோப்பையை உயர்த்தினார். "நம்ம கருந்துளைக்கு! அலவெர்தி, தரிக்கோ!"

அலவெர்தி என்றால் வாழ்த்தைத் தொடரும் பொறுப்பு கைமாறிவிட்டது என்று பொருள். முடியும்வரை தமதாகூடக் குறுக்கிடக் கூடாது.

தரிக்கோ எழுந்தாள்.

"இப்படி ஒண்ணு ஏட்டுல மட்டும்தான்னு வெளியூர்க்காரங்க சொல்றாங்க. பொய்! நான் கண்ணால பாத்திருக்கேன்."

மேசை ஆரவாரித்தது. ஆசிரியர் பேனாவை எடுத்தார்.

"எது போனாலும் உள்ள வாங்கிக்கும். எதையும் வெளிய விடாது. ஆனா உள்ள போனது அழியாது, பத்திரமா இருக்கும்."

"ஆகா!" பூரித்துப்போன வலேரியன் மரபையே மறந்தார். "எங்கம்மா பாத்த?"

"உங்க அறையிலதாங்க ஐயா. உள் எல்லை நிக்காதுங்கற என் கணக்கு அதுக்குள்ளதான் போச்சு. காவ்மர்ஜோஸ்!"

காவ்மர்ஜோஸ் என்று முடித்த வாழ்த்துக்குத் தமதா குடித்தே ஆக வேண்டும். கொம்புக் கோப்பையைக் கீழே வைக்கவும் முடியாது, கவிழ்ந்துவிடும். வலேரியன் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"அபூர்வம்," என்றார் ஆசிரியர். "சாப்பிட்டதும் அந்த அறையைத் திறந்து காட்டுங்க. கட்டுரையை அப்புறம் வாங்கிக்கறேன்."