ஓங் வீட்டுச் சீர்

பக்கத்து வீட்டில் பன்றிக் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. தங்கராஜு ஜன்னலைச் சாத்தினார். வாசனை கதவு வழியாக வந்தது. கதவைச் சாத்தினார். மனைவி ரத்தினம்மாவின் குரல் வந்தது.

"எதைச் சாத்தி என்ன? ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றவங்க மூக்கையுமா சாத்தப் போறீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தங்கராஜுவைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. அவருக்குச் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. சிராங்கூன் ரோட்டு அறையை விட்டு இந்தப் புது அடுக்குமாடிக்கு வந்தது போன மாதம்தான். மகள் கமலா வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவள். கிராஞ்சிப் பக்கத்துப் பையன் சேதுபதியின் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்தவள் திருப்பித் தரவில்லை. கேட்டால், "எங்கேயோ வெச்சிட்டேன்பா" என்கிறாள். பெற்றவருக்குப் புரியாதா?

தரகர் மருதப்பன் எல்லாம் பேசி முடித்துவிட்டு, படியிறங்கும்போது ஒரு குண்டைப் போட்டிருந்தார்.

"பையனோட அம்மா சிவகாமசுந்தரி சுத்த சைவம். தேவாரம் பாடாமப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்க. பார்த்து நடந்துக்குங்க லா."

பக்கத்து வீட்டு ஓங் டாக்சி ஓட்டுபவர். அவருக்கும் தங்கராஜுவுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த மலாய் ஒன்றுதான். அதுவும் 'சாப்பிட்டாச்சா'வைத் தாண்டியதில்லை. அன்று மட்டும் பன்றி சமைக்க வேண்டாம் என்று உதவி கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமா? நம் வழக்கப்படி புது எட்டு முழ வேட்டி ஒன்றைத் தட்டில் வைத்து, பணிவாக நீட்டினார்.

ஓங் வெள்ளைத் துணியைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் இருமிக்கொண்டிருந்த தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கதவு படாரென்று மூடியது.

அன்று மாலையே ஓங்கின் மனைவி வாசலில் ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்த ஆரம்பித்தாள். கொழுப்பு வாசனையோடு புகையும் சேர்ந்துகொண்டது.

"நல்லாப் பேசிட்டு வந்தீங்க" என்றாள் ரத்தினம்மா, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

மறுநாள் துறைமுகத்தில், கூட வேலை பார்க்கும் சீனர் தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளைத் துணி சாவு வீட்டுக்குத்தான் கொடுப்பாங்க. கிழவர் எப்ப போவார்னு கேட்ட மாதிரி ஆச்சு. ஊதுவத்தி அந்தக் கெட்ட சகுனம் போகத்தான்."

தங்கராஜு பதறிப்போனார். சிவப்புத் துண்டும் ஆரஞ்சுப் பழங்களும் வாங்கிக்கொண்டு ஓங் வீட்டுக்கு ஓடினார். தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினார். தெரியாததைக் கையால் சொன்னார். மகளுக்கு வரன் வருகிறது, மாமியாராகப் போகிறவர் கண்டிப்பானவர், வாசனை ஆகாது.

ஓங் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அதில் வரிசையாகப் பெண் குழந்தைகள்.

"எல்லாம் என் பொண்ணுங்க. ஒவ்வொரு தடவை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்பவும் எனக்கு வயித்தால போச்சு" என்றார், அவரும் பாதி மலாயும் பாதி சைகையுமாக.

தங்கராஜுவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தன்னைப்போல இன்னொருத்தன் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறானே.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அடுப்பே எரியாது. நீ கவலைப்படாதே" என்று தோளைத் தட்டி அனுப்பினார் ஓங்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை ஓங் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நடைபாதையில் கமலாவின் மல்லிகைப்பூ மட்டுமே மணத்தது. தங்கராஜு நிம்மதியாக வாசலுக்கு வந்தார். எதிரே ஓங் நின்றிருந்தார், கோட்டும் டையுமாக. கையில் சிவப்புக் காகிதம் விரித்த தாம்பாளம். அதன்மேல், பொன்னிறமாக வறுத்த முழுப் பன்றி.

"எங்க வழக்கத்துல இது இல்லாமக் கல்யாணப் பேச்சே கிடையாது. கடையில சொல்லிச் செஞ்சேன். உன் பொண்ணும் என் பொண்ணுதான்" என்று தாம்பாளத்தை அவர் கையில் வைத்தார். தங்கராஜு வாயைத் திறப்பதற்குள், "பட்டாசு டாக்சியில இருக்கு" என்று கீழே ஓடிவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வீட்டுக்குள் கொண்டுபோகவும் வழியில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம். தங்கராஜுவுக்கு உயிரே போய்விட்டது.

வந்தவர் ஒரு சீன அம்மாள். பட்டுப்புடவை, நெற்றி நிறைய விபூதி, கொண்டையில் பூ. ஓங்தான் தன் சொந்தக்காரியை நம் உடையில் அனுப்பியிருக்கிறார் என்று தங்கராஜுவுக்குத் தோன்றியது. எவ்வளவு நல்ல மனுஷன். ஆனால் இப்போது உருகி நிற்க நேரமில்லை.

தாம்பாளத்தை அந்த அம்மாள் கையில் திணித்தார். ஓங் வீட்டுக் கதவைக் காட்டி மலாயில் கெஞ்சினார்.

"அக்கா, சீக்கிரம் இதை உள்ளே கொண்டுபோய் ஒளிச்சு வைங்க. சம்பந்தியம்மா வர்ற நேரம். கண்டுட்டாங்கன்னா என் பொண்ணு நினைப்பு மண்ணாப் போயிடும். அவ ஆசைப்பட்ட ஒரே பையன்க்கா."

அந்த அம்மாள் பன்றியைப் பார்த்தார், தங்கராஜுவைப் பார்த்தார். கண்கள் கலங்கின. கனம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று தங்கராஜு தாம்பாளத்தின் அடியில் ஒரு கை கொடுத்தார்.

அப்போது மருதப்பன் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "இவர்தான் பொண்ணோட அப்பா" என்றார். அவர் பின்னால் பழத்தட்டோடு வந்த சேதுபதி, பட்டுப்புடவைக்காரரையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னம்மா, நீங்க தமிழ் வீட்டுல தத்தெடுத்து வளர்த்த சீனப் பிள்ளைன்னு தெரிஞ்சா இவ்வளவு ஆசாரமான வீட்டுல பொண்ணு தர மாட்டாங்கன்னு வழியெல்லாம் அழுதுகிட்டு வந்தீங்க, இவர் என்னடான்னா முழுப் பன்னியையே கையில கொடுத்து வரவேற்கிறாரே."