அக்காவின் அசல்

அரைப் படிப்போடு வீட்டுக்கு வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். என்னை யாரும் நிறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கல்லூரியில் தத்துவம் முதலாண்டு படித்தேன். (வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. சொந்த ஊர் நாகலாபுரத்தில் அப்படியா சொல்லிக்கொள்வேன்?) லீவுக்கு வந்த வாரம், அக்காவைப் பெண் பார்க்கக் கயத்தாறிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு உரக்கடை. போட்டோவிலேயே அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெண் பிடித்தால்தான் அவர்கள் சாப்பாட்டில் கை நனைப்பார்கள். அதுவரை காபியும் கடலைமிட்டாயும்தான்.

அக்கா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் சம்மதம் தெரிந்தது. அம்மா இலை விரிக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து அவர் ஒரு மரியாதைக்கு என்னிடம் கேட்டார்.

“தம்பி என்ன படிக்கீக?”

“தத்துவம், மாமா. நாம பாக்கிறது எல்லாமே நகல். இந்த மிட்டாய் ஓரம் உடைஞ்சிருக்குல்லா? குறையே இல்லாத அசல் மிட்டாய் மேல, கருத்துலகத்துல இருக்கு. கிரேக்க ஞானி ஒருத்தர் சொல்லியிருக்காரு.”

“எல்லாத்துக்கும் அசல் இருக்கோ? அப்போ பொண்ணுக்கு?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“அக்காவும் நகல்தான், மாமா. குறை இருக்கத்தானே செய்யும்!”

சிரிப்பு நின்றது. “என்ன குறை?”

“தெரியாது. ஆனா கண்டிப்பா இருக்கும்.” (தர்க்கப்படி சரிதான். பரீட்சையில் மார்க் போட்டிருப்பார்கள்.)

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார். “கூடப் பொறந்தவனே சொல்லுதான். போயிட்டுச் சொல்லி அனுப்புதோம், அண்ணாச்சி.”

சொல்லி அனுப்பவில்லை. விரித்த இலைகள் அப்படியே கிடந்தன. அப்பா என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் அக்கா வந்து, “ஏலே, எங்கிட்ட என்ன குறைலே கண்டே?” என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த பருவத்தில், பின்னால் வந்த ஞானிகளின் பாடம் நடத்தினார்கள். கருத்து மேலுலகத்தில் இல்லையாம். நினைக்கிறவன் மண்டைக்குள்தான் இருக்கிறதாம். (இதை முதலிலேயே நடத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?)

இரண்டு வருஷம் அலைந்து அக்காவைக் குளத்தூரில் கொடுத்தோம். அத்தான் தங்கமானவர். நான் போகும்போதெல்லாம் அக்கா வெறும் இலையைப் போட்டு, “அசல் சோறு மேல இருக்குலே, சாப்பிடு” என்பாள். வீடே சிரிக்கும். பிறகு கரண்டியோடு நின்று கேட்பாள்: “என்ன குறைலே கண்டே?”

“ஒண்ணும் இல்லக்கா” என்று நான் தலை குனிந்து சொன்ன பிறகுதான் இலையில் சோறு விழும்.