தங்கச்சிக்கு வீடு பார்க்கப் போய் திசையைத் தொலைத்த கதை

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சவளக்கடைப் பக்கம் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்து, "ஓம், எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

அவ்வளவுதான். பேச வேண்டியதை எல்லாம் உம்மா ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டா. ஒரு கிளியைப் பழக்கி அனுப்பியிருந்தாலும் காரியம் நடந்திருக்கும்.

எங்கள் வீட்டில் கிளி இல்லை. என்னை அனுப்பினார்கள்.

வீடு தங்கச்சிக்கு. எங்கள் பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணம் ஓர் அங்குலமும் நகராது. மாப்பிள்ளை வீட்டார் மிகவும் முற்போக்கானவர்கள். "எங்களுக்கு சீதனம் ஒண்டும் வேணாம்" என்றார்கள். "வீடு மட்டும் போதும்" என்றார்கள். நோன்புக்கு முன்னால் நிகாஹ். நிகாஹ்வுக்கு முன்னால் வீடு. நோன்புக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

கல்முனைக்குள் காணி வாங்குவதென்றால் வாப்பா பிடிக்கும் மீனெல்லாம் தங்கத்தில் இருக்க வேண்டும். அதனால் எல்லோரையும் போல நாங்களும் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினோம். அங்கேதான் வயலெல்லாம் வேக வேகமாக ஊராகிக்கொண்டிருக்கிறது.

இது நாங்கள் பார்க்கும் நாலாவது வீடு. முதல் மூன்றும் என் புண்ணியத்தில் கைவிட்டுப் போனவை.

முதல் வீட்டில் சுவர் வெடிப்புக்குள் தீக்குச்சி விட்டு ஆழம் பார்த்தேன். இரண்டாவதில் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு, "ரிப்போர்ட் வரட்டும்" என்றேன். ரிப்போர்ட்டுக்கு முன்னால் வேறு ஆள் வந்துவிட்டான். மூன்றாவது வீட்டுக்காரரிடம் பழைய உறுதிப் பத்திரங்களை ஒன்றுவிடாமல் கேட்டேன். அவர் கேட்டார்: "தம்பி, நீங்க வீடு வாங்க வந்தீங்களா, வழக்குப் போட வந்தீங்களா?"

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எதைப் பார்த்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்கும் கடமை எனக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் படித்தது எப்படித் தெரியும்?

வெளிக்கிடும்போது உம்மா வாசல்வரை வந்தா.

"மனே, இந்த வீட்டயாவது நோண்டாத. போ, பாரு, சிரி, ஓம் எண்டு சொல்லு, வா."

"சரி உம்மா."

"கேள்வியெல்லாம் எழுதி வெச்ச அந்தக் கொப்பிய மேசையில வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். ஃபோனை வைத்துவிட்டுப் போகச் சொல்ல உம்மாவுக்குத் தோன்றவில்லை.

வாப்பா வந்திருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து போட்டில் போய் நாலு நாள். கடலுக்குள் நின்றவருக்கு கரையில் நடக்கப் போவது எப்படித் தெரியும்?

அந்தக் குடியிருப்பின் முகப்பில் ஒரு பெரிய பலகை. பெயர் "சிட்டி" என்று முடிந்தது. சிட்டி என்றால் பதினொரு வீடு, ஒரு தகரப் பள்ளிவாசல், ஒரு பெட்டிக்கடை, எண்ண முடியாத எருமைகள்.

வீட்டுக்காரர் மஜீத் காக்கா; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். நல்ல மனிதர். பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்குப் போகிறார், அதனால் விற்கிறார். அவருடைய மனைவி, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டவ, எனக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்துவிட்டு உடுப்புக் கழுவப் போய்விட்டா.

நான் மிக ஒழுக்கமாக நடந்துகொண்டேன். விறாந்தையைப் பார்த்து "மாஷா அல்லாஹ்". அறைகளைப் பார்த்து "மாஷா அல்லாஹ்". குசினியைப் பார்த்து "மாஷா அல்லாஹ்". சுவரில் ஒரு வெடிப்பு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதற்கும் ஒரு "மாஷா அல்லாஹ்".

கடைசியாகக் கக்கூஸ்.

வெள்ளைக் கொமட். சுத்தம். புதுசு மாதிரி. இன்னும் ஒரு "மாஷா அல்லாஹ்" சொல்லித் திரும்பியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கிப்லாவை, அதாவது தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் மக்கா திசையைப் பார்த்துக் கக்கூஸ் வைக்கக்கூடாது. முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. எங்கள் ஊரில் மேசன்மார் அத்திவாரம் வெட்டுமுன் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கேயும் பார்த்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் ஓர் அரிப்பு.

ஃபோனில் கிப்லா காட்டும் செயலி இருக்கிறது. கவரைத் திறந்து, கொமட்டுக்கு நேர் முன்னால் இருந்த சின்ன ஜன்னல் கட்டையில் ஃபோனை வைத்தேன். பச்சை அம்பு ஒரு சுற்றுச் சுற்றி நேராக நின்றது.

கொமட்டில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்ப்பாரோ, அம்பும் அதே பக்கம் பார்த்தது.

"என்ன தம்பி பாக்கிறீங்க?" மஜீத் காக்கா பின்னால் நின்றார்.

"ஒண்டுமில்ல காக்கா."

"ஒண்டுமில்லாததயா இவ்வளவு நேரம் பாக்கிறீங்க?"

எனக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசும் காலத்தில் அதை எங்கே ஒளித்து வைப்பது என்று சொல்லித் தரவில்லை.

"காக்கா, இந்தக் கொமட் கிப்லாவப் பாத்து இரிக்கி போல."

அவருடைய முகம் விழுந்தது. உதடு ஏதோ கணக்குப் பார்த்தது. "ரெண்டு வருசம்... நாங்க ஆறு பேர்..." என்றார். "அல்லாவே!"

அந்த "அல்லாவே" மதிலுக்கு அப்பால் கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டு நியாஸ் எட்டிப் பார்த்தார். தகரப் பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பவர். விசயத்தைக் கேட்டதும் மதில் ஏறிக் குதித்தே வந்துவிட்டார்.

"ஒரு ஃபோன நம்ப ஏலா. என்ட ஃபோன்லயும் பாப்பம்."

அவரும் செயலியை இறக்கினார். நான் நின்ற இடத்திலேயே நின்றார். நான் பார்த்த பக்கமே பார்த்தார். அவருடைய அம்பும் நேராகவே நின்றது.

அவருடைய ஃபோனில் திசை அறியும் வசதியே இல்லை. அந்த அம்பு யார் எந்தப் பக்கம் பிடித்தாலும் நேராகத்தான் நிற்கும். இது எங்களுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

"ரெண்டு ஃபோனும் ஒண்டத்தான் சொல்லுது!" என்றார் நியாஸ்.

பாவா மேசனுக்கு அழைப்புப் போனது. அந்தச் சிட்டியின் பதினொரு வீட்டையும் கட்டியவர். பத்து நிமிசத்தில் பையும் சுத்தியலுமாக வந்து இறங்கினார். வந்த வேகத்தில் எருமைகளே விலகி நின்றன.

"எவன் சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தத் தம்பிதான். கெம்பஸ் முடிச்சவர்," என்றார் மஜீத் காக்கா.

"நான் மௌலவியக் கூட்டி வந்து, கயிறு புடிச்சி தெச பாத்து, அவர் சரி எண்ட பொறகுதான் வெச்ச! நீங்க என்ன படிச்ச தம்பி?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"புவியியல்."

பாவா மேசனின் வேகம் அப்படியே இறங்கியது. "புவியியலா?" என்றார். "அப்ப... சரியாத்தான் இரிக்கும்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். நான் படித்தது முக்கியமாக மழைவீழ்ச்சி, அதுவும் வேறு நாட்டு மழைவீழ்ச்சி என்று. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் பட்டத்துக்கு மரியாதை கொடுத்திருந்தார்.

"ஆனா ஒரு விசயம்," என்றார் மேசன் மெதுவாக. "பதினொரு வீட்டுக்கும் நான் புடிச்ச ஒரே கயிறுதான்."

செய்தி லேனுக்குள் பரவ ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. பின் வீட்டில் ஒரு மனிதர் கக்கூஸுக்குள் இருந்தார். கதவைத் தட்டி வெளியே வரச் சொன்னார்கள்.

"இப்ப ஏலா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப கொஞ்சம் சரிஞ்சி இரிங்க!"

இங்கே பாவா மேசன் கண் கலங்கி நின்றார். "முப்பது வருசமாத் தொழில் செய்றன். இப்பிடி ஒரு பேச்சுக் கேட்டதில்ல. என்ட கையால வெச்சத என்ட கையாலயே எடுக்கிறன்."

"பாவாக்கா, அவசரப்படாம..." என்றேன்.

டமார்!

கொமட் நாலாக உடைந்தது. அப்போதுதான் நியாஸுக்கு அடுத்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"பாவாக்கா, நம்மட பள்ளிக்கும் நீங்கதானே கயிறு புடிச்ச?"

வெளியே எருமை ஒன்று அதற்கு ஏதோ சொன்னது.

"ரெண்டு வருசத் தொழுக!" என்று தலையில் கைவைத்தார் நியாஸ். வெளியே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் பள்ளியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் பாவா மேசன், கையில் இன்னும் அந்தச் சுத்தியல். பின்னால் நான். தங்கச்சியின் வீட்டுக்கு ஓம் சொல்ல வந்தவன், ஒரு ஊரின் பள்ளியைப் பெயர்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் எங்க போறீங்க?"

ராத்தா. இடுப்பில் உடுப்புக் கூடை. அதுவரை அவவிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பள்ளிக்கி. கிப்லா பிழையாம்," என்றார் மஜீத் காக்கா.

"ஆரு சொன்ன?"

"ஃபோன்."

ராத்தா கூடையை இறக்கி வைத்தா.

"விடிய வெயில் நம்மட வீட்டுக்குள்ள எங்கால வாற?"

மஜீத் காக்கா யோசித்தார். ரெண்டு வருசம் குடியிருந்த மனிதர். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"குசினி ஜன்னலால வாற. அந்த வெயில்லதான் நான் தேங்கா திருவுற. பின்னேரம் எங்கால கண்ணக் கூசுது?"

"முன் விறாந்தையால," என்றார் நியாஸ்.

"அப்ப சூரியன் முன் வாசல் பக்கமாத்தான் மறையிது. கிப்லாவும் அந்தப் பக்கம்தான். நம்மட கொமட் எந்தப் பக்கம் பாத்த?"

"பக்க மதில."

"இந்தப் புள்ளட ஃபோன்ல மட்டும் சூரியன் மதிலுக்குள்ளயா மறையிது?"

ஏழெட்டுத் தலைகள் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

நியாஸ் தன் ஃபோனைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்பும் அவரோடு சேர்ந்து சுற்றியது. எங்கே திரும்பினாலும் அங்கே கிப்லா.

நான் என் ஃபோனைத் திருப்பிப் பார்த்தேன். என் ஃபோனின் கவர் தோல் மாதிரி இருக்கும், மூடினால் டக் என்று ஒட்டிக்கொள்ளும் வகை. ஒட்டுவதற்கு உள்ளே காந்தம் வைத்திருக்கிறார்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டி பொய் சொல்லும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்திருந்தேன். அதில் நல்ல மார்க்கும் எடுத்திருந்தேன்.

கவரைக் கழற்றினேன். அம்பு ஆறுதலாகத் திரும்பி, முன் வாசல் பக்கம் போய் நின்றது.

பின் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "இனி நேரா இரிக்கலாமா?" என்று கேட்டார்.

பாவா மேசன் உள்ளே போய், உடைந்த கொமட்டில் ஒரு துண்டை எடுத்து வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புவியியல்," என்றார்.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஜீத் காக்கா ஏசினார். "வீடு குடுக்கிற இல்ல. எத்தன கோடி தந்தாலும் குடுக்கிற இல்ல. போங்க தம்பி, போய் வேற வீட்டப் பாருங்க!"

சரியாக அந்த நேரம் தங்கச்சியின் அழைப்பு.

"காக்கா, ஓம் எண்டு சொல்லிட்டீங்களா?"

"சொல்லப் போறன்."

"இன்னமுமா? மாப்பிள வீட்டுக்காரர் உம்மாக்கிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டாங்க!" அவளுடைய குரலில் அழுகை வரப் பார்த்தது. "இந்த வீடும் போச்சா காக்கா?"

ஃபோன் ஸ்பீக்கரில் இல்லை. ஆனால் வயல்வெளியில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். நாலு வீடு. நாலையும் நான் ஒருவனே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கெடுத்திருக்கிறேன்.

"ராத்தா, மாப் பண்ணுங்க," என்றேன். "புது கொமட் நான் வாங்கித் தாறன். தங்கச்சி ஒரு பிழையும் செய்யல்ல."

ராத்தா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தா. பிறகு மஜீத் காக்காவைப் பார்த்தா.

"உறுதி ஆருட பேர்ல இரிக்கி?"

மஜீத் காக்கா தொண்டையைச் செருமினார். "ஒங்கட பேர்ல."

"அப்ப நான் குடுக்கிறன். இவருக்கில்ல, இவர்ட தங்கச்சிக்கி. ஒரு பொம்புளப் புள்ளட கலியாணம் ஒரு கவரால நிக்கக்கூடாது." என் பக்கம் திரும்பினா. "ஆனா தம்பி, உறுதி எழுதுற நாளைக்கி நீங்க வரவாணாம். உம்மாவ அனுப்புங்க."

உறுதி எழுதிய அன்று நான் வெளியே தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். மிகவும் சுமுகமாக நடந்ததாம். இதுவரை எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சுமுகமாக எதுவும் நடந்ததில்லை என்று உம்மா மூன்று பேரிடம் சொன்னா.

வாப்பா கரைக்கு வந்ததும் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"நான் நடுக்கடல்ல நிண்டு கரையக் கண்டுபுடிக்கிறன்," என்றார். "நீ கரையில நிண்டு கடல் எந்தப் பக்கம் எண்டு தெரியாம நிண்டிரிக்காய்."

நிகாஹ் சொன்ன தேதியில் நடந்தது. தங்கச்சி இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். புது கொமட்டையும் பாவா மேசனே வைத்துக் கொடுத்தார். இனி எந்தப் படித்தவனும் வந்து கேள்வி கேட்கக்கூடாது என்று, அதைக் கடல் பக்கமாக இன்னும் ஒரு சாண் திருப்பி வைத்துவிட்டார்.

நேற்று தங்கச்சி ஃபோனில் சொன்னாள்: "காக்கா, வீடு நல்லா இரிக்கி. கக்கூஸ்ல மட்டும் முழங்கால் சுவர்ல இடிக்கிது."

வந்து அளந்து பார்க்கவா என்று கேட்க வாய் எடுத்தேன். நல்லவேளை, அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.