இரண்டு வால் முளைத்த வரிசை

"நமக்கு முன்னால யாரு?" என்று டாக்டர் அறை வாசலில் மூன்றாவது தடவையாகக் கேட்டாள் ஒடாலிஸ்.

மகள் யூசிமி யோசித்தாள். ஒன்பது வயது. அவளிடமிருந்து பதில் வருவதற்கு, குழி விழுந்த சாலையில் செங்கல் லாரி வந்து சேரும் நேரம் பிடிக்கும்.

"பச்சைத் தொப்பி மாமா," என்று ஒடாலிஸே சொல்லிவிட்டாள். "யாராவது 'கடைசி ஆள் யாரு'ன்னு கேட்டா கையைத் தூக்கு. ரெண்டே வேலை. ஸ்கூல் லெட்டரை வீட்டுலயே வச்சுட்டேன், ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"அம்மா, பல்லி…"

"பல்லியை விடு. தொப்பியைப் பாரு."

பிள்ளைக்குப் புத்தி குறைவில்லை. கேட்டதை மனசில் பிடித்து வைக்கும் இடம்தான் சின்னது, பதிலும் மெதுவாக வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்து ஒரு தாள் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு நடக்கும் கணக்குப் பரீட்சையில் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் போன வருஷம் போலப் பாதித் தாள் வெள்ளையாகவே போகும். மறுபடியும் அதே வகுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

ஒடாலிஸுக்குப் பயமில்லை. ரொட்டிக்கும் முட்டைக்கும் சோப்புக்கும் இருபது வருஷம் சாந்தியாகோ நகரத்து வரிசைகளில் நின்று தேறியவள். நின்று என்பதுகூடத் தப்பு. அந்த ஊரில் யாரும் நிற்பதில்லை. கடைசி ஆள் யார் என்று கூவிக் கேட்டு, அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்குத் தன் முகத்தைக் காட்டிவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துவிடலாம். வரிசை தரையில் இருக்காது, ஆட்களின் தலைக்குள்தான் இருக்கும்.

அவள் திரும்பி வந்தபோது வரிசைக்கு இரண்டு வால் முளைத்திருந்தது.

யாரோ வந்து கடைசி ஆளைக் கேட்டிருக்கிறார்கள். யூசிமி கையைத் தூக்க ஆரம்பித்திருக்கிறாள். அது பாதி வழி வருவதற்குள் பச்சைத் தொப்பிக்காரன் ரெய்னியர் தன் கையைத் தூக்கிவிட்டான். பிள்ளையின் கை முழுசாக மேலே போன நேரத்தில் அடுத்தவர் வந்து, அவளுக்குப் பின்னால் இடம் பிடித்துவிட்டார். இப்போது இரண்டு பேருக்குப் பின்னாலும் பத்துப் பத்துப் பேர்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றாள் ஒடாலிஸ். "பச்சைத் தொப்பிக்கு அடுத்தது நாங்க. தொப்பி எங்கே?"

தொப்பி ஒரு கிழவர் தலையில் இருந்தது. வெயில் தாங்கவில்லையென்று ரெய்னியரிடம் இரவல் வாங்கியிருந்தார்.

"அப்ப எனக்கு அடுத்தது நீதாம்மா," என்றார் கிழவர் சந்தோஷமாக.

"தாத்தா, நீங்க வந்ததே இப்பத்தான்!"

"தொப்பி காலையிலயே வந்துடுச்சே."

சண்டை கிளம்பியது. ஒடாலிஸ் கைதட்டினாள். "எல்லாரும் எந்திரிங்க! அவங்கவங்க முன்னால இருக்கிற ஆளோட தோளைப் பிடிங்க!"

பிடித்தார்கள். எல்லாரும் பிடிப்பதைப் பார்த்து, கதவடியில் முதலாவதாக இருந்தவரும் தன் பங்குக்கு ஒரு தோளைத் தேடிப் பிடித்தார். அது கடைசி ஆளின் தோள். வரிசை வட்டமாகிவிட்டது.

"ஏம்மா, இதுக்குத் தலை எது?" என்றான் ரெய்னியர்.

"வட்டத்துக்கு ஏதுப்பா தலை? எங்கேயாவது ஆரம்பிக்கணும்ல? என்கிட்டேருந்து ஆரம்பிங்க."

அவ்வளவு தைரியமாகச் சொன்னதால் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு, ரொட்டிப் பையும் பூப்போட்ட குடையுமாக ஒரு சின்னப் பெண் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் நேரே கதவுக்குப் போனாள். ஒடாலிஸ் கதவை மறைத்து நின்றாள்.

"ஏம்மா, உனக்கு முன்னால யாரு?"

"இல்லக்கா, நான் உள்ள…"

"நாங்க மட்டும் வேடிக்கை பார்க்கவா வந்திருக்கோம்? எல்லாருக்கும் உள்ளதான் போகணும்!"

"பஸ்ஸு வரலக்கா, அதான்…"

"யாருக்கு வந்துச்சு?" என்றார்கள் முப்பது பேரும் ஒரே குரலில். காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாதவர்கள்.

"அம்மா, அந்தக்கா…" என்றாள் யூசிமி.

"அந்தக்கா குடை அழகாத்தான் இருக்கு. அப்புறம் பார்க்கலாம்."

அந்தப் பெண் மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள், சிமென்ட் மூட்டையைக் கைமாற்றுவது போல ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துத் தள்ளி அவளைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அம்மா…"

"இரு. ஒரு நேரத்துல ஒண்ணு."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. துப்புரவு வேலை செய்கிற நில்டா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டாக்டர் இன்னும் வரல. வந்தா முதல் ஆள் யாரு?"

"நாங்கதான்!" என்றாள் ஒடாலிஸ். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இரண்டு வாலையும் ஒரு வட்டத்தையும் தாண்டி, முதல் இடம்! பெருமையோடு குனிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பார்த்தியா உங்கம்மாவை? டாக்டர் வர வேண்டியதுதான் பாக்கி. ஆமா, என்னமோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு கண்ணு."

யூசிமி வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தக் குடை அக்கா பையில ஸ்டெதஸ்கோப் இருந்துச்சு. அந்தக்காதான் டாக்டர்."