லிஃப்ட்டில் போன பலகை

பீர்க்கன்கரணை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

அன்பு மச்சான் டேனியலுக்கு,

அத்தான் யேசுதாசன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் அக்கா புஷ்பம் சுகம், அவள் வாய் அதைவிடச் சுகம். கேளம்பாக்கத்தில் ஷீலாவும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன்.

எங்கள் அப்பார்ட்மெண்ட்டைப் போன மாதம் மத நல்லிணக்கம் பிடித்து ஆட்டியது. "தன்னைப் போல பிறரை நடத்துன்னுதானே சார் எல்லா மதமும் சொல்லுது, ஒரு பலகையில எழுதி அஞ்சாவது மாடி ஹால்ல மாட்டுவோம்" என்றார் செக்ரட்டரி சூர்யா. நல்ல காரியம்தானே என்று நானும் கை தட்டினேன். அதோடு தொலைந்தது நிம்மதி. யார் மத வாசகம் மேலே வருவது என்று சண்டை. ஆறு கூட்டம், மச்சான்! மூன்றாம் கூட்டத்தில் நாற்காலி பறந்தது. பிறரை அன்பாக நடத்துவது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில், மேல் கீழ் வேண்டாம், பலகையை வட்டமாகச் செய்வோம் என்று முடிவானது. செய்து வந்தால், ஐயோ, வட்டத்துக்கும் உச்சி இருக்கிறது! சரி, மாதம் ஒருதரம் திருப்பி வைக்கலாம், அந்த வேலை அம்மணிக்கு என்றார்கள். அம்மணியை உனக்குத் தெரியுமே, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். கட்டடம் முழுக்கப் பெருக்குவதும் அவள்தான்.

பலகை வந்த அன்று நாலு பேர் அதை மாப்பிள்ளை மாதிரி லிஃப்ட்டில் ஏற்றினார்கள். துடைக்கத் துணியோடு பின்னால் வந்த அம்மணியை சூர்யா மறித்தார். "வேலை செய்றவங்க படியில போங்கம்மா, ரூல் இருக்கில்ல?" அவள் என்னைப் பார்த்து, "இன்னா சாரே, அந்தப் பலகைக்கு முட்டி வலி கீதா? எனுக்குத்தானே கீது" என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், விடுவேனா? "பிறர்னு பெரிசா எழுதி வச்சிருக்கோமே, அம்மணி அதுல வரமாட்டாளா?" அரைமணி நேரம் ஆலோசித்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்கள்: 'பலகையில் காணும் பிறர் என்பது ஃப்ளாட் உரிமையாளர்களையும், முறையாக அக்ரிமெண்ட் போட்ட வாடகைதாரர்களையும் மட்டுமே குறிக்கும்.' ஆறு கூட்டத்தில் ஒத்துப்போகாத அத்தனை மதமும் அன்னைக்கு ஒண்ணா கை தூக்கிச்சு மச்சான். அம்மணி துடைப்பத்தை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு, "நீங்களே திருப்பிக்கினு கெடங்க"ன்னு போயே போயிட்டா. இன்னைக்கு ஆராதனையில ஜெபமே வரலை. இவங்கள்லாம் மனுஷங்கதானா?

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அத்தான்,
யேசுதாசன்

பி.கு.: உங்கள் வீட்டில் வேலை செய்கிற தபீதாளை நாளைக்கே இங்கே அனுப்பி வை. பாத்திரம் குவிந்து கிடக்கிறது, உன் அக்கா கத்துகிறாள். நாங்கள் நாலாவது மாடிதான். லிஃப்ட் விஷயம் இப்போதைக்கு அவளுக்குத் தெரியவேண்டாம். முட்டி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.